ஸ்கிரிப்டுக்கு ஒரு ஃபோல்டர்

"ரோவெனா, உன் ஸ்கிரிப்ட் எங்கம்மா? என் திரையில ஒண்ணையும் காணோமே!" என்று பக்கத்து மேஜையிலிருந்து கத்தினான் திபேனே.

ரோவெனாவுக்குச் சுருக்கென்றது. வெலிங்டனில், ஆட்களையும் கார்களையும் ஏற்றிப் போகும் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் மெஷின்களுக்கு மென்பொருள் பேக்கேஜ் கட்டுவது அவள் வேலை. நுழைந்திருப்பது சோதனை மெஷினா, நிஜ வேலை ஓடும் மெஷினா என்று தெரிய, கட்டளை தட்டும் வரியின் முன்னால் 'டெஸ்ட்' அல்லது 'லைவ்' என்று காட்டும் அந்தக் குட்டி ஸ்கிரிப்ட், அவளே எழுதியது. மாலைக்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் அதைத் தூக்கிக் கடாசிவிடப் போவதாக மேலாளர் மால்கம் சொல்லியிருந்தார்.

"எந்த ஃபோல்டர்ல போட்ட?"

"விளக்கக் குறிப்பெல்லாம் வைக்கிற டாக்குமென்ட் ஃபோல்டர்ல. உதாரண ஸ்கிரிப்டெல்லாம் அங்கதானே இருக்கு?"

"கிழிஞ்சுது போ! இடம் மிச்சமாகட்டும்னு நம்ம மெஷின் எதுலயும் டாக்குமென்ட்டை இறக்கறதே இல்லியே!"

தலையில் அடித்துக்கொண்டாள். டேப் விசையைத் தட்டினால் பாதிக் கட்டளையை முடித்துக் கொடுக்குமே, அந்த ஸ்கிரிப்டுகளின் ஃபோல்டருக்கு மாற்றினாள்.

"இப்ப?"

"வருது. ஆனா டேப் தட்டினாத்தான் வருது. புது மாப்பிள்ளை மாதிரி, கூப்பிடாம எழுந்திருக்க மாட்டேங்குது."

ரோவெனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் மெஷினுக்குள் நுழைந்தாலும் தானாக ஓடும் பொது ஃபோல்டரிலேயே போட்டாள்.

"கேக்காதவங்களுக்கும் வருமே!" என்றான் திபேனே.

"வரட்டும்!"

வந்தது. கூடவே ஃபோனும் வந்தது. "நான் படம் வச்சு அலங்காரம் பண்ணியிருந்த கட்டளை வரியை எந்த மகராசி அழிச்சது?" என்று பிக்டன் கிளையிலிருந்து ஒருவர் சீறினார். அவரவர் அலங்காரத்தைத் தொடாமல், அதற்கு முன்னால் ஒரே ஒரு சொல்லை மட்டும் வைக்கும்படி திருத்தினாள். எல்லாத் திரையிலும் பளிச்சென்று வந்தது. திபேனே எழுந்து நின்று கைதட்டினான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்.

அப்போதுதான் மால்கம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உன் ஸ்கிரிப்ட் பொய் சொல்லுது! காலையிலேருந்து டெஸ்ட் மெஷின்ல வாய்க்கு வந்த பேரைப் போட்டு, புது புக்கிங் முறையைச் சோதிச்சிக்கிட்டிருக்கேன். மறுபடி உள்ள நுழைஞ்சா சிவப்பா 'லைவ்'னு வருது. பகீர்னு ஆயிடுச்சு! முதல்ல அதைத் தூக்கு."

"அது தப்பாச் சொல்லாது, மால்கம்."

"எந்த மெஷின்ல இருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

"தூக்க மாட்டேன்!" என்றாள் ரோவெனா. மேலாளரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. திபேனே மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மால்கம் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், துறைமுக டிக்கெட் கவுன்ட்டர் ஹூயா மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள்.

"கார்ல வந்தவங்கல்லாம் துறைமுகத்துல சண்டைக்கு நிக்கிறாங்க, மால்கம். இன்னிக்குக் கப்பல் முழுக்க ஒருத்தரே புக் பண்ணி வச்சிருக்காரே, அந்த மிஸ்டர் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவர் எப்ப வருவாரு?"