பஸ்ஸுக்குப் பின்னால் பார்த்த பசிபிக்

சான்டா கிளாரா,
ஆகஸ்ட் 1998

பெருந்துறை மச்சான் வெங்கடாசலம் அவர்கள் சமூகத்துக்கு, சேனாபதி கைகூப்பி எழுதிக்கொண்டது.

தங்கள் வீட்டில் மாடு கன்று உட்பட அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். இந்த 'எல்லோரும்' என்பதில் தங்கள் தங்கை புஷ்பவல்லியும் அடக்கம் என்று இன்றைக்கு என்னால் எழுத முடிகிறது. போன சனிக்கிழமை மத்தியானம் முடியவில்லை. அதை முறையிடவே இக்கடிதம்.

மகன் இனியன், "அப்பா, ஹைவே ஒன்ல ஒரு டிரைவ் போலாங்க. பீச், வைனரி, அழகழகா சின்ன ஊரு, எல்லாம் ஒரே நாள்ல கவர் பண்ணிடலாம்" என்றான். வைனரி என்றால் திராட்சைத் தோட்டம் என்றதோடு நிறுத்திக்கொண்டான், அங்கே ஒயினை ருசி பார்க்க ஊற்றிக் கொடுப்பார்கள் என்ற மீதியைச் சொல்லவில்லை. மருமகள் வான்மதி புளிசாதம், தயிர்சாதம், முறுக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் கட்ட, அந்தப் பையைத் தங்கள் தங்கை ஒருவரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். காபிடோலா என்றொரு கடலோரச் சிற்றூர், வீடுகளுக்கெல்லாம் பஞ்சுமிட்டாய் நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அங்கே காரை நிறுத்தினோம். புஷ்பவல்லி பாத்ரூம் போவதாகச் சொல்லிப் பையோடு போனாள். மஞ்சள் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் வரிசையில் நிற்க, இவளும் பின்னால் நின்றிருக்கிறாள். அது பாத்ரூம் வரிசை இல்லை மச்சான், டூர் பஸ்ஸில் ஏறுகிற வரிசை! ஏறின பிறகாவது தெரிந்திருக்குமே என்பீர்கள். அந்தப் பாழாய்ப்போன பஸ்ஸுக்குள்ளேயே பாத்ரூம் இருந்திருக்கிறது. வரிசை சரிதான் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது பஸ் ஊரைத் தாண்டிவிட்டது.

நாங்கள் கடற்கரை முழுக்கத் தேடினோம். நான் ஒவ்வோர் அலையாக எட்டி எட்டிப் பார்த்தேன். போலீஸ்காரர் வந்து, என்ன உடை என்று கேட்டார். "சேலை" என்றேன். "என்ன கலர்?" என்றார். தினமும் காலையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிப்பவன் நான், தெரியவில்லை மச்சான். அங்கேயே அழுதுவிட்டேன். பேத்தி ஓவியாதான், "க்ரீன் சாரி, மை ஓல்ட் ஷூஸ், அண்ட் ஷி ஹாஸ் ஆல் த ஃபுட்" என்றாள். ஐஸ்கிரீம் விற்ற பெண் அதைக் கேட்டுவிட்டு, பச்சைச் சேலை பஸ் ஏறியதைப் பார்த்ததாகவும், மான்டரே பீச் பார்த்துவிட்டு வைனரிக்குப் போவதாகக் கிழவிகள் பேசிக்கொண்டதாகவும் சொன்னாள்.

துரத்தினோம். மான்டரேயில் பஸ் இல்லை. ஆனால் பார்க்கிங் பார்க்கிற ஆள் வாயில் முறுக்கு இருந்தது.

அவன் கைகாட்டிய வைனரிக்குள் ஓடினால் நீள மேசை, நடுநாயகமாகத் தங்கள் தங்கை, தலையில் மஞ்சள் தொப்பி, கையில் கண்ணாடி டம்ளர்! கள்ளுக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்காத குடும்பமாயிற்றே நம்முடையது, நான் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க இப்படிக் கத்தறீங்க? இது வெறும் தண்ணிங்க. அந்தக் கருமத்த இவங்களாலயே குடிக்க முடியல, வாயில ஊத்தி ஊத்தித் துப்பறாங்க. பாவமா இருந்துச்சு, ஆளுக்கொரு கை புளிசாதம் வெச்சேன்."

ஊற்றிக் கொடுக்கிற ஆளே தட்டோடு நின்றான். பை காலி. காலையிலிருந்து பட்டினி கிடந்த எங்களுக்கு ஒரு பருக்கை இல்லை.

"சரி, எந்திரி. கார்ல ஏறு."

"பாதியில எறங்குனா நல்லா இருக்காதுங்க. அடுத்து கடல்சிங்கம் காட்டறாங்களாம், பக்கத்து சீட்டு அம்மா மீசையெல்லாம் வெச்சு நடிச்சுக் காட்டுச்சு. நீங்க பின்னால வாங்க."

போனோம். வேறென்ன செய்ய? பசிபிக் சமுத்திரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்றுகூட எனக்குத் தெரியாது. சாயங்காலம்வரை நான் பார்த்ததெல்லாம் ஒரு பஸ்ஸின் முதுகும், அதன் கண்ணாடி வழியே டாட்டா காட்டிய தங்கள் தங்கையும்தான்.

ஆகவே, ஈரோட்டு ஏஜென்ட்டிடம் சொல்லி எங்கள் ரிட்டர்ன் டிக்கெட்டை உடனே முன்னால் மாற்றவும். அண்ணன் என்ற முறையில் அவளைக் கண்டித்து இரண்டு வரி எழுதவும். இனி உயிருள்ளவரை உல்லாசப் பயணம் என்ற பேச்சே என் வீட்டில் கிடையாது. தங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைத் தேடி மீட்ட
சேனாபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தக் கிழவிகளிடமிருந்து போன் வந்தது. இந்தச் சனிக்கிழமை வடக்கே மென்டசீனோ வரை போகிறார்களாம், ஜன்னலோரம் ஒரு சீட் காலியாம். புஷ்பவல்லி முட்டி வலி, வரவில்லை என்றுவிட்டாள். சீட் வீணாகிவிடுமே என்று நான் வருவதாகச் சொல்லிவிட்டேன். டிக்கெட்டை மாற்ற வேண்டாம், முடிந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடவும். மென்டசீனோவில் எல்லோரும் தண்ணீரில் இறங்குவார்களாம். நீச்சல் டிராயர் வாங்க இனியனோடு இப்போது கடைக்குப் போகிறேன். இது மட்டும் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.