பேழைக்குள் போன பேழை

"புறாவ கிளிக் பண்ணா யானை போவுது, பாருங்க" என்றாள் எப்சி.

ஷாஜின் பார்த்தான். உண்மைதான். அவன் செய்துகொண்டிருந்த நோவாவின் பேழை கம்ப்யூட்டர் விளையாட்டில் எந்த விலங்கை மவுஸால் அமுக்குகிறோமோ, அது மெல்ல மிதந்து பேழைக்குள் போக வேண்டும். இங்கே புறா அசையாமல் உட்கார்ந்திருக்க, யானை தூக்கத்தில் நடப்பது போல ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூர் சர்ச்சில் பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நிறைவு நாள். நாற்பது பிள்ளைகள் இதை விளையாடக் காத்திருந்தார்கள். அது கிடக்கட்டும். ஷாஜினின் உயிர்ப் பிரச்சினை வேறு. பெங்களூரில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் எப்சி, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க லீவில் வந்திருந்தாள். திங்கட்கிழமை ரயிலேறிவிடுவாள். அதற்குள் 'என்னைக் கட்டிக்கிறீங்களா' என்று கேட்டாக வேண்டும். விளையாட்டு சரியானதும் கேட்பது என்று அந்த மகாராசன் முடிவு செய்திருந்தான்.

அவன் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவதற்கு அளவு பேட்டர்ன் போடுகிறவன். விலங்குகளையெல்லாம் வேஸ்ட் தோலில் வெட்டி, படமெடுத்து உள்ளே போட்டிருந்தான்.

"நோவா காப்பாத்தறதுக்கு முன்னாடியே நீங்க எல்லாத்தையும் தோல உரிச்சிட்டீங்க" என்றாள் எப்சி. சர்ச் ஹால் மூலையில் கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா அன்னம்மாள் களுக்கென்று சிரித்தாள்.

சபையில் மற்ற பெண்களெல்லாம் அவனை 'அண்ணா' என்பார்கள். எப்சி மட்டும் எதுவும் போட்டுக் கூப்பிடுவதில்லை. அந்த ஒன்றை நம்பித்தான் ஷாஜின் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டருக்குப் படம்னா ஒரு கட்டம்" என்று அவளுக்கு விளக்கினான். "யானையச் சுத்தி இருக்கற காலி இடமும் அதுக்கு யானைதான். புறா அந்தக் காலி இடத்துல குந்தியிருக்கு. எக்ஸ், ஒய்னு ரெண்டு இருக்கு. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"அப்படியா?" எப்சி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "அப்போ கட்டத்த சின்னதாக்கிட்டா?"

"அட, கரெக்டா புடிச்சிட்டீங்களே!"

சின்னதாக்கினான். புறா போனது. இப்போது யானை போகவில்லை. தும்பிக்கை, காது, முதுகு, எங்கே அமுக்கினாலும் அசையவில்லை. வயிற்றின் நடுவில் பொட்டு அளவு இடத்தைக் குறிபார்த்து அமுக்கினால்தான் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை எப்சியே வேறு யோசனை சொன்னாள். "கட்டத்தப் பழையபடி பெருசாக்கிடுங்க. கடைசியா வரைஞ்சதுதானே எல்லாத்துக்கும் மேல இருக்கும்? எத அமுக்கினோம்னு அதுலேர்ந்து தேடச் சொல்லுங்களேன்."

சொன்னான். கடைசியாக வரைந்தது வெள்ளம். திரை முழுக்கப் பரவியிருந்த கண்ணாடி நீலம். எதை அமுக்கினாலும் தண்ணீர்தான் ஏறியது. சிங்கம் முழுகிப்போனது. நோவா கழுத்தளவுத் தண்ணீரில் சிரித்தபடி நின்றார்.

"இன்னாங்க இது, பேஜாரா போச்சு!" என்றான் ஷாஜின்.

"கிளிக்க தண்ணி மட்டும் புடிச்சு வெச்சுக்காம, எல்லாருக்கும் வுட்டுட்டா?" என்றாள் எப்சி.

சனிக்கிழமை மதியம் அதையும் செய்தான். ஒரே ஒரு கிளிக். யானை, புறா, சிங்கம், நோவா, அவர் மனைவி, எல்லாரும் ஒன்றாக எழும்பி மிதந்து பேழைக்குள் போனார்கள். பிறகு பேழையும் மெதுவாகத் திரும்பி, தனக்குள் தானே போய் மறைந்தது.

திரையில் வெறும் நீலம். அலை வந்து வந்து போனது. வெளியே மே மாத வெயில் கொளுத்தியது. உள்ளே ஃபேன் சத்தத்தில் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாஜினுக்குப் பிள்ளைகள், நிறைவு நாள், எல்லாமே மறந்துபோனது. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது.

"நல்லா இருக்கு இல்ல?" என்றாள் எப்சி, மெதுவாக.

"எப்சி..."

"ம்?"

"சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பண்ணுங்க, பண்ணுங்க!" அவள் வெடுக்கென்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான் ஷாஜின். அன்னம்மாள் எலுமிச்சை ஜூஸைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"தம்பி, பெங்களூர்ல அவளுக்கு இந்த கேம் பண்றதுதான் வேலையே, உங்க கேம புதன்கிழமையே சரி பண்ணி, பென்டிரைவ்ல போட்டு பையில வெச்சுக்கினு, நீங்க வாயத் தொறக்கற வரைக்கும் தரமாட்டேன்னு இருக்கா!"