ஆடிக் கூழும் ஊதுகுழாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மது தொட்டவன் இல்லை. பீர் பாட்டில் மூடியைக்கூடத் திறந்தது கிடையாது. இருந்தும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எந்த டீக்கடையில் நின்று "குடிச்சிட்டு ஏரோப்ளேன் ஓட்டப் போன பைலட்டு ஊடு எது?" என்று கேட்டாலும் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். வேலை வெட்டி இல்லாதவராக இருந்தால் கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு சின்ன சரக்கு விமான கம்பெனியில் பயிற்சித் துணை விமானி. மொத்தம் மூன்றே விமானங்கள், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேரில் இருக்கும். பயணிகளைச் சுமந்து களைத்துப்போய், சீட்டெல்லாம் பிடுங்கப்பட்டு, எங்களிடம் வந்து சேர்ந்தவை. இறால், மருந்து, கூரியர் மூட்டை, மோட்டார் உதிரிபாகம் என்று எது கொடுத்தாலும் ஏற்றுவோம். விமானப் பணிப்பெண்கள் கிடையாது. (என் நண்பர்கள் இதை மட்டும் கடைசிவரை நம்பவில்லை. நான் மறைப்பதாகவே நினைத்தார்கள்.)

என் அப்பா ரோலிங் மில்லில் முப்பது வருடம் பழுக்கக் காய்ச்சிய இரும்போடு மல்லுக்கட்டியவர். நான் வேலையைப் பற்றி விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப லோடு வண்டின்னு சொல்லு" என்றார். அதோடு இன்னொன்றும் கேட்டார்: "பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?"

எங்கள் பக்கத்தில் மனிதர்கள் இந்த இரண்டே சாதிதான். பர்மனென்ட் ஆனவனுக்குப் பெண் கிடைக்கும், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்கும். கான்ட்ராக்ட்காரனை எவனும் கண்டுகொள்ள மாட்டான். நான் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறேன் என்றதும் அப்பா, "மொதல்ல பர்மனென்ட் ஆவு. அப்பால மில்லுல சொல்லிக்கலாம்" என்று பேச்சை முடித்துவிட்டார். மகன் விமானி என்று ஒரு வருடமாக ஒருவரிடமும் வாய் திறக்காத ஒரே தகப்பன் அவராகத்தான் இருப்பார்.

பர்மனென்ட் ஆக ஒரு சோதனைப் பயணம் பாக்கி. மூத்த கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஓட்டுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை அதில் தேறவில்லை. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கம்பெனி கடிதமே அனுப்பியிருந்தது.

அந்தப் பயணம் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வந்து விழுந்தது. அன்று எங்கள் தெரு அம்மன் கோவிலில் கூழ் வார்க்கும் நாள். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அப்பா ரொம்ப சாதாரணமாக, "இன்னிக்கி மில்லுல சொல்லிடவா?" என்று கேட்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டு, "தாராளமா சொல்லுப்பா" என்றேன். (அந்த மீசையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.)

அடுத்து அம்மா வந்தார், கையில் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டிலோடு.

"இந்தா நைனா, ஆத்தா கூழு. மோர் ஊத்திக் கரைச்சிருக்கேன். வழியில குடிச்சிக்கினே போ."

"வேணாம்மா, பரீட்சை இருக்கு."

"இன்னாடா, ஆத்தா கூழ வேணான்ற? பரிச்சைக்குப் போற புள்ள பேசற பேச்சா இது?"

வாங்கிக்கொண்டேன்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒரு விஷயம். பறக்கும் முன் விமானி ஒரு கருவியின் குழாயில் ஊத வேண்டும். கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் வந்தால் மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கம், பயிற்சியில் இருப்பவனுக்கு அத்தோடு கதை முடிந்தது. அந்தப் பயத்தில் நான் இருமல் மருந்து குடிக்க மாட்டேன், சென்ட் அடிக்க மாட்டேன், வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கண்டாலே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். இவ்வளவு உஷாரான எனக்கு, இரண்டு நாள் புளிக்கவைத்த கேழ்வரகு மாவின் மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. அம்மன் பிரசாதத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

மின்சார ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். வெயில் மண்டையைப் பிளந்தது. மடியில் கிடந்த பாட்டில் என்னைவிட அதிகமாகக் கொதித்திருக்க வேண்டும். விமான நிலைய வாசலில் நின்று மூடியைத் திருகியபோது 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. விமானத்தில் எந்த மூலையில் எந்தச் சத்தம் வந்தாலும் கண்டுபிடிக்க ஒரு வருடம் பயிற்சி எடுத்தவன் நான். அந்தப் 'புஸ்'ஸைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, நன்றாகப் புளித்திருக்கிறது" என்று சந்தோஷப்பட்டு, முழு பாட்டிலையும் கவிழ்த்துக்கொண்டு, நேராக மருத்துவ அறைக்குப் போய் ஊதினேன்.

கருவி பீப் என்றது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த கேமராவைப் பார்த்தார். சோதனை முழுவதையும் அது பதிவு செய்யும்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"கூழ் சார்."

"கூழா?" இப்படியும் ஒரு பதில் வரும் என்று மருத்துவக் கல்லூரியில் அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலும். "கூழ் குடிச்சா எப்படிங்க காட்டும்? உண்மையைச் சொல்லுங்க."

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் தானாகவே சரியாகியிருக்கும். ஆனால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அப்பா வேறு இந்நேரம் மில்லில் சொல்லியிருப்பார். புத்திசாலித்தனமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அம்மா, டாக்டர் கேக்கறாரு. எனக்கு என்ன குடுத்தேன்னு சொல்லு."

"டாக்டர் சாரா? வணக்கம் சார். நான்தான் குடுத்தேன். நல்லா ரெண்டு நாளு புளிக்க வச்சது சார். புள்ள ஒரு பாட்டிலு புல்லா எடுத்துக்கினு போச்சே, குடிச்சிட்டானா?"

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கேமரா மூடவில்லை.

"அம்மா, அதைக் குடிச்சதால மெஷின்ல சாராயம்னு காட்டுது. இன்னொரு தடவையும் காட்டிச்சுன்னா வேலை போயிடும்" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் கோவில் உடுக்கைச் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயையோ ஆத்தா!" என்று ஓர் அலறல். போனைக் கையில் பிடித்தபடியே அம்மா ஓடுவது தெரிந்தது. எங்கள் தெருக் கோவிலில் மைக் பிடிப்பவர் தண்டபாணி மாமா. காணாமல் போன செருப்பு முதல் கரண்ட் பில் கடைசித் தேதி வரை எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர் தொண்டு. அம்மா மூச்சிரைக்க அவரிடம் ஏதோ சொன்னார். அதற்கடுத்து வந்ததை நானும் டாக்டரும், என்ன தாமதம் என்று பார்க்க அப்போதுதான் உள்ளே நுழைந்த கேப்டன் மாலதியும் தெளிவாகக் கேட்டோம்.

"பக்தகோடிகள் கவனத்துக்கு! நம்ப தெரு பைலட்டு சுரேசு சாராயம் குடிச்சிக்கிறதா ஏர்போர்ட்டுல மெசின் காட்டிக்கினு கீதாம்! புள்ள வேலை போவாம இருக்க அல்லாரும் ஆத்தாளுக்கு ஒரு குலவை போடுங்கம்மா!"

ஐம்பது பெண்கள் குலவை போட்டார்கள். மருத்துவ அறையே அதிர்ந்தது. நான் போனை அணைத்தேன்.

என் சோதனையை நடத்தவேண்டியவர் கேப்டன் மாலதிதான். அதிகம் பேசமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருபது நிமிஷம் இருக்கு. தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன். மனதுக்குள் அம்மனைத் திட்டினேன், உடனே மன்னிப்புக் கேட்டேன், மறுபடி திட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது முறை ஊதினேன். பூஜ்யம். ஊரில் இதைக் குலவையின் பலன் என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். விமானத்தில் அன்றைய சரக்கு, பொரித்து ஒருநாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகள். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். கதவை அடைத்தாலும் கீச்கீச் சத்தம் எங்கள் இருக்கை வரை வரும். அது எனக்குக் குலவையாகவே கேட்டது. வான்வெளிக் கட்டுப்பாட்டில் இருந்து கூப்பிட்டால் இரண்டு தடவை கழித்துப் பதில் சொன்னேன். கேப்டன் கேட்ட கேள்விக்குப் போன வாரம் படித்த வேறு பாடத்தில் இருந்து விடை சொன்னேன். கடைசியில் போர்ட் பிளேரில் விமானத்தை நான் தரையிறக்கவில்லை, போட்டேன். அத்தனை குஞ்சுகளும் ஒரு விநாடி சத்தத்தை நிறுத்திவிட்டன.

என்ஜினை அணைத்த பிறகு கேப்டன் மாலதி, "குஞ்சுங்களுக்கும் உயிர் இருக்கு சுரேஷ்" என்றார். பிறகு பேனாவை எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "சோதனையைப் பாதியில நிறுத்திட்டதா எழுதிக்கிறேன். அடுத்த மாசம் வாங்க. வெறும் வயித்தோட வந்தாலும் பரவாயில்லை."

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். தெருவே எழுந்து நின்று பார்த்தது. அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா மில்லுக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோவில் ஒலிபெருக்கி மில் வாசல் வரை கேட்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"காலீல போய் அல்லாருக்கும் சொன்னேன், எம்மவன் பைலட்டுன்னு" என்றார் அப்பா. "மத்தியானம் மைக்குல சொன்னாங்க. முப்பது வருசத்துல என்னை ஒருத்தன் குடிச்சியான்னு கேட்டதில்லடா. நேத்து அல்லாரும் வந்து தோள்ல கை போட்டு, 'புள்ள எப்பலேந்து ஆரம்பிச்சான்'னு கேட்டுப் போறாங்க."

நான் எவ்வளவோ விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேலை போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த மாதம் சோதனையில் தேறினேன். பர்மனென்ட். உடனே அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊதினியா?"

"ஊதினேம்ப்பா. ஜீரோ."

"செரி. இப்ப சொல்லிக்கிறேன் மில்லுல."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும் யாரையும் "போய்ட்டு வா" என்று வழியனுப்புவதில்லை. "ஊதிட்டுப் போ" என்பார்கள். என் கல்யாணத்தில் தாலி கட்டும் முன் மச்சான்கள் என்னை ஊத வைத்தார்கள். ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் இப்போது கேப்டன், எனக்குக் கீழே நான்கு பயிற்சி விமானிகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் தெருவில் செல்லாது.

போன மாதம் மகளை எல்.கே.ஜி. சேர்க்க அழைத்துப் போனோம். தலைமை ஆசிரியை கனிவாகக் குனிந்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். என் மகள் மேஜைமேல் எட்டி, அவர் முகத்தில் 'பூ' என்று நீளமாக ஊதினாள்.

"ஜீரோ மிஸ்" என்றாள். "தாத்தா ஊதிட்டுதான் பேசணும்னு சொல்லிக்கிறாரு. எங்கப்பா குடிச்சிட்டு மாட்டிக்கினாரு இல்ல, அதான்."

தலைமை ஆசிரியை மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.