லோகாம்பாள் வயிற்று மாநாடு

உலக நன்மைக்காக எத்தனையோ மாநாடுகள் கூடியிருக்கின்றன. ஆனால் 1969இல் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், முசரவாக்கம் லோகாம்பாளின் வயிற்றுக்காகக் கூடிய மருத்துவ மாநாட்டின் கம்பீரம் வேறெதற்கும் வராது. மூன்று டாக்டர்கள், ஒரு நர்ஸ், நான்கு காபி. வயிறு மட்டும் லோகாம்பாளுடையது.

கட்டி தேங்காய் அளவு இருந்தது. அது கருப்பையில் வரும் சாதாரண நார்க்கட்டியா, சூல்பையில் வரும் பொல்லாத கட்டியா என்பதே 'நிகழ்ச்சி நிரல்'. முன்னது என்றால் கவலையில்லை. பின்னது புற்றாக இருக்கலாம். பச்சைத் திரைக்குப் பின்னால் படுத்திருந்த லோகாம்பாளுக்குச் சாவு பயம். பிள்ளைகள் இரண்டும் இன்னும் பள்ளிக்கூடம் தாண்டவில்லை.

தலைமை டாக்டர் பூவராகவன் நெறி தவறாதவர். பெண்களின் அந்தரங்கத்தைப் பெண்களிடம் கேட்பது பண்பாடல்ல என்பதால் கணவன் தணிகாசலத்தைக் கூப்பிட்டார்.

"உன் சம்சாரத்துக்கு மாசா மாசம் எத்தினி நாள் போவுது?"

பட்டுத் தறிக்காரரான தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்தினார். "மூணே நாள் சார். நாலாம் நாள் காலையில தலைக்கு ஊத்திக்கினு தறிக்கு நூல் தார் சுத்த வந்துடும். கல்யாணம் ஆன நாளா ஒரு நாள் தப்பினதில்ல."

"நார்க்கட்டியா இருந்தா பெரும்பாடு இருக்கணும், நாள் கணக்கா உதிரம் போவணும். மூணு நாள்னா சூல்பைதான்" என்றார் டாக்டர். மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"கொஞ்சம் சும்மா இரும்மா. உன் வயித்தப் பத்திதான் பேசிக்கினு இருக்கிறோம்."

தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. மறுநாள் வயிற்றைத் திறந்தார்கள். சூல்பைகள் இரண்டும் பழுதின்றி இருந்தன. கருப்பையிலிருந்து காம்போடு தொங்கிய நார்க்கட்டி ஒன்று அவற்றின் பக்கம் ஒய்யாரமாகச் சாய்ந்து கிடந்தது. டாக்டர் அதை வன்மையாகக் கண்டித்தார். ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். கட்டியோடு சூல்பைகளையும் எடுத்துவிட்டார்கள்.

கண்விழித்தவளிடம் டாக்டர் குறைபட்டுக்கொண்டார். "உன் கட்டி எங்களை ஏமாத்திடுச்சும்மா. மூணு நாள்னாரே உன் வீட்டுக்காரர்?"

"மூணு நாள் வெளிய ஒக்கார்றது வழக்கம் சார். அதுக்கு மேல ஒக்காந்தா தறி நின்னுடும். எனக்கு மூணு வருசமா பத்து நாள் போவுது. துணிய மடிச்சு வெச்சிக்கினு தார் சுத்தறேன். தறிக்குத் தெரிஞ்சத அவரு சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சத யாரு கேட்டீங்க?"

டாக்டர் மனம் நெகிழ்ந்து, அந்த அரிய கட்டியைப் பற்றி அன்றே மருத்துவ இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதன் முதல் வரி: 'நோயாளி உதிரப்போக்கு பற்றி எதுவும் சொல்லவில்லை.'