ஆம்பியர் அண்ணன் கண்டுபிடித்த கோளாறு

திண்டிவனத்தில் கரண்ட்டைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ஆம்பியர் அண்ணன்தான். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டினால் எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் குட்டி மீட்டர் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

ஒரு கல்யாண ஊர்வலத்தையே நடுரோட்டில் நிறுத்தியவர் அவர். மைக்செட் ஆட்டோவில் மீட்டரை மாட்டி, "குத்துப்பாட்டு ஒம்போது ஆம்பியர் துன்னுது. மண்டபம் வரிக்கும் பேட்டரி தாங்கணும்னா மெலடி போடு" என்று தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளையின் நண்பர்கள் காதல் தோல்விப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம் நானும் போய் மாட்டினேன். வானூரில் பெண் பார்க்க அவரைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, என் பேட்டரி ஸ்கூட்டர் வழியில் படுத்துவிட்டது. நேரம் தவறி, அந்தச் சம்பந்தமே போச்சு. அடுத்த இடம் ஒலக்கூர். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மாப்பிள்ளை வாசலை மிதித்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பேட்டரிய மாத்திடலாமாண்ணா?"

"அதுமேல ஏன்டா பழி போடற?" ஒரு பகல் முழுக்க அதில் பல்பை எரியவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேட்டரி கல்லு மாதிரி கீது. ஓடும்போது எதுவோ கரண்ட்ட துன்னுது. நானும் வர்றேன், வழியிலயே புடிச்சிடலாம்."

"நான் பொண்ணு பாக்கப் போறேண்ணா!"

"நீ பொண்ண பாரு. நான் மீட்டர பாக்கறேன்."

அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். பின் சீட்டில் அண்ணன், கையில் மீட்டர், வழி நெடுக வர்ணனை. "இருவத்திரெண்டு! மேடு வருது... முப்பது! அய்யய்யோ, முறுக்காத!"

பாதி வழியில் வண்டி தவழ ஆரம்பித்தது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார். மணி பத்தைத் தாண்டிவிட்டது.

அண்ணன் இறங்கி டயரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "நீ மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டு, மீட்டர பாத்துக்கினு போ" என்றார்.

ஓட்டினேன். "பதிமூணுண்ணா!" என்று கத்தினேன்.

அவர் மீட்டர் இருந்த பக்கம் பார்த்தார். குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். பிறகு ஒரு குதி குதித்தார் பாருங்கள்! "கண்டுபுடிச்சிட்டேன்! லோடே நான்தான்டா! வானூர்லயும் நான்தான்டா!"

இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சட்டென்று அவர் முகம் மாறியது. "உன்னை பேஜாரு பண்ணிட்டேன் தம்பி. நிக்காத, ஜல்தி போ. நான் நடந்து வர்றேன்."

"இந்த வெயில்லயாண்ணா?"

"பதிமூணத் தாண்டாம ஓட்டு. போய்டுவ."

பத்து இருபத்தைந்துக்கு வாசலை மிதித்தேன். பெண்ணைப் பார்த்தேன், கேசரி சாப்பிட்டேன், அவளும் தலையாட்டிவிட்டாள். ஆனால் மனசு அந்த ரோட்டிலேயே நின்றது.

ராகுகாலம் முடிந்து தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்துக்கு அண்ணன் வந்து சேர்ந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வரும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, சைகையால் 'ஓகேவா?' என்று கேட்டார்.

"யாருங்க அது?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று தரகர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். இருந்தாலும் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்க அண்ணன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தள்ளி உட்கார்ந்து, "வாப்பா, வந்து உக்காரு" என்று பக்கத்தில் இடம் விட்டாள்.