கண்ணில் படாதோர் மையம்

தொழில் தொடங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தொடங்குவதற்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறவர்கள் ஒரு வகை. இழுத்து மூடிய பிறகும் பக்கத்துக் கடைக்காரருக்குக்கூடத் தெரியாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினர் மீது மேலிடத்துக்கு ஒருநாள் திடீரென்று இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் மேலிடம் சும்மா இருக்குமா? ஒரு மையம் திறந்தார்கள். 'கண்ணில் படாத் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையம்' என்று பெயர் வைத்தார்கள். நிதியும் உண்டு, வழிகாட்டலும் உண்டு என்று அறிவித்தார்கள். பெயருக்குப் பொருத்தமாக, அதை ஒரு பெரிய கட்டடத்தின் பின்பக்கம், லிஃப்ட் நிற்காத மாடியில் வைத்தார்கள்.

டெய்லரக்காவுக்கு இந்தச் சங்கதியைச் சொன்னவர் அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். மையத்தின் விளம்பரம் அவர் பஸ்ஸின் முதுகிலேயே ஒட்டியிருந்ததால் ஊரில் கடைசியாக அதைப் படித்தவரும் அவர்தான்.

"போய்த்தான் பாரேன். உன்னைவிடக் கண்ணில் படாதவ யார் இருக்கா?" என்றார் அவர். பாராட்டா, கேலியா என்று அவளுக்குப் புரியவில்லை. பாராட்டு என்று வைத்துக்கொண்டாள்.

அவள் கடையில் இரண்டு மெஷினும் ஒரு வெட்டு மேசையும் உண்டு. துணி வெட்டுவது நாத்தனார், தைப்பது அவள். அவர்கள் தைத்தது சாதாரணச் சட்டை இல்லை. மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்திருந்த காலத்தில், அவருக்குச் சட்டை போட்டுவிடுவது தினமும் ஒரு மல்யுத்தமாக இருந்தது. நாத்தனார் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அப்பாவின் சட்டையைத் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே வெட்டாக வெட்டிப் போட்டாள். டெய்லரக்கா அதற்குப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தாள். அன்றைக்கு மாமனார் ஒற்றைக் கையால் தானே சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பார்த்து ஒருவர் கேட்டார், பிறகு நாலு பேர் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டின் தலைமை நர்ஸும் வந்து கேட்டாள். தொழில் அப்படித்தான் வளர்ந்தது, யாருடைய அனுமதியும் இல்லாமல்.

ஆனால் டெய்லரக்காவுக்குக் கடை போதவில்லை. கம்பெனி வேண்டும் என்று ஆசை. நாத்தனாருக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. கத்தரிக்கோல் நன்றாக வெட்டினால் அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்.

மையத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொன்னார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"நீங்க எந்த வகையில கண்ணில் படாதவங்க?"

"புரியலைங்க."

"ஒரு காரணம் இருக்கணும்மா. பெண்ணுங்கறதாலயா?"

"ஆமாங்க, பொம்பளைதான்."

"அந்த வகைக்கான இடம் நிரம்பிடுச்சு." அவர் மனதார வருந்தினார். "தொழில்?"

"டெய்லருங்க."

"அதுவும் நிரம்பிடுச்சு. பெண் டெய்லர்னா ரெண்டு பக்கமும் நிரம்பினது. சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ரொம்ப அதிகமா கண்ணில் படறீங்க."

இப்படி ஒரு வார்த்தையை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"சின்ன வயசுல ஏதாவது பெரிய கஷ்டம்?"

"எல்லாருக்கும் இருந்த கஷ்டம்தாங்க."

"எல்லாருக்கும் இருந்தது இங்க செல்லாதும்மா."

சரி, கிளம்பலாம் என்று எழுந்தாள். வந்துபோனதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முந்தின நாள் மெஷின் ஊசி ஏறி அவள் வலது கட்டைவிரலில் கட்டு இருந்தது. பேனாவை இடது கையில் பிடித்துக் கோழி கிளறியது மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இடது கையா?"

அந்த இடத்தில் விரலைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் அவளும் வாயைத் திறந்தாள். வாய் "ஆமாங்க" என்றது.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா! கத்தரிக்கோல், மெஷின், மேசை டிராயர் எல்லாமே வலது கைக்காரங்களுக்காகச் செஞ்சது. எவ்வளவு பெரிய அநீதி! எங்க மையத்துல ஒரு இடது கைக்காரர்கூட இல்லைம்மா."

டெய்லரக்காவின் கண் கலங்கியது. அந்த அநீதி அவளுக்கு நடக்கவில்லை என்பது ஒரு நிமிஷம் அவளுக்கே மறந்துபோயிற்று.

வீட்டில் சொன்னபோது நாத்தனார் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இடது கையிலிருந்துதான் வைத்தாள். அவள் பிறந்ததிலிருந்து இடது கைக்காரி. அந்தக் கைக்கென்றே செய்த கத்தரிக்கோலைத் தேடி அலைந்து வாங்கி வைத்திருந்தாள்.

"அண்ணி, இந்த வீட்டுல இடது கைக்காரி நானு."

"அது சரி. ஆனா நீ கம்பெனி இல்லையேம்மா. நான்தானே கம்பெனி."

சொன்ன பிறகு டெய்லரக்காவுக்கே நாக்கு கசந்தது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறும் பழக்கம் கம்பெனிகளுக்குக் கிடையாது.

அவளுக்கு ஒரு வழிகாட்டியை நியமித்தார்கள். மூன்று கம்பெனிகளைத் தொடங்கி மூன்றையும் விற்றவர் அவர். அந்தக் கம்பெனிகள் என்ன செய்தன என்று கேட்டால், "இணைத்தன" என்பார். எதை எதோடு என்று கேட்டால், இவளுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்பது போலப் புன்னகைப்பார்.

"நீங்க என்ன செய்றீங்க?"

"சட்டை தைக்கிறோங்க."

"அப்படிச் சொல்லவே கூடாது. உடலுக்கும் உடைக்கும் நடுவுல இருக்கிற உராய்வை நீக்குறோம்னு சொல்லணும். வாடிக்கையாளர் யாரு?"

"படுத்திருக்கிற நோயாளிங்க."

"அவங்களை விடுங்க. ரொம்பச் சின்னச் சந்தை. ஒண்ணு, குணமாயிடறாங்க. இல்லைன்னா..." பண்பு கருதி அங்கே நிறுத்திக்கொண்டார். "ஆரோக்கியமா இருக்கிறவங்க எத்தனை கோடிப் பேர்னு யோசிச்சீங்களா?"

"அவங்க சாதாரணமாவே சட்டை போட்டுக்குவாங்களேங்க?"

"அதைத்தான் நாம மாத்தணும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்று அவளுக்குப் பட்டது. அதன்பிறகு அவள் கடையில் உட்கார்ந்த நேரம் குறைவு. விரிவாக்கப் பயிற்சி, முதலீட்டாளரிடம் பேசும் பயிற்சி, பேசாமல் இருக்கும் பயிற்சி, தோல்வியை அன்போடு ஏற்கும் பயிற்சி என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. கடைசிப் பயிற்சியில் மையத்தின் பயனாளிகள் அனைவரும் முதல் வகுப்பில் தேறினார்கள்.

வீட்டிலும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது. "சாப்பாடு என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "உங்களோட உண்மையான தேவை என்னன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்" என்பாள். "இன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்று அவர் தானே அடுப்பைப் பற்றவைப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் தலைமை நர்ஸ் கடைக்கு வந்தாள். இரண்டு வார்டு முழுவதற்கும் சட்டை வேண்டும், மேலே அனுமதி வாங்கிவிட்டேன் என்றாள். நாத்தனார் அளவு நாடாவை எடுத்துவிட்டாள். டெய்லரக்கா கையைக் காட்டித் தடுத்தாள்.

"நாங்க இப்ப திசை திரும்பிக்கிட்டு இருக்கோம், சிஸ்டர்."

"எந்தப் பக்கம்?" என்று நர்ஸ் அப்பாவியாகக் கேட்டு, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஆரோக்கியமானவங்க பக்கம்."

நர்ஸ் நாத்தனாரைப் பார்த்தாள். நர்ஸ் போன பிறகு நாத்தனார் கெஞ்சிப் பார்த்தாள். "அங்க ஆளுங்க காத்திருக்காங்க அண்ணி. அப்பா எப்படிக் கஷ்டப்பட்டாருன்னு நீங்களும் பார்த்தீங்கல்ல?"

"நிதி வரட்டும். வந்ததும் எல்லாருக்கும் தைக்கலாம்."

சில நாள் கழித்து, மையத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் டெய்லரக்கா பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்த குரல் கேட்டது. நாத்தனார்தான். தனியாக ஒரு மெஷின் வாங்க உதவி கேட்டு வந்திருந்தாள்.

"இடது கைங்களா? அடடா, அந்த இடம் நிரம்பிடுச்சேம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை அவருக்கு. டெய்லரக்காவை வெளியே அழைத்து அவள் முன்னால் நிறுத்தினார். "இவங்களைப் பாருங்க. உங்களை மாதிரியே இவங்களும் எவ்வளவோ அனுபவிச்சவங்க. இவங்க ஜெயிச்சா நீங்க ஜெயிச்ச மாதிரி."

நாத்தனார் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படிங்களா? ரொம்பச் சந்தோஷம்" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் கடையில் அவள் கத்தரிக்கோல் இல்லை. அவளும் இல்லை.

டெய்லரக்கா அன்றைக்கு வெட்டு மேசை முன்னால் வெகுநேரம் நின்றாள். அழுகை வந்தது. தோல்வியை அன்போடு ஏற்கும் பயிற்சி இதற்கு உதவுமா என்று பார்த்தாள். உதவவில்லை.

ஆனாலும் முதலீட்டாளர்கள் முன்னால் தொழிலைக் காட்டும் அரங்கேற்ற நாளுக்குப் போனாள். போகாமல் எப்படி? அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது. முதலீட்டாளர்கள், அதிகாரிகள், கேமராக்கள் எல்லாம் இருந்தன. இடது கைக்காரியாக வளர்ந்த துயரத்தைப் பற்றி அவள் பேசினாள். எல்லாம் நாத்தனார் எப்போதோ துணி வெட்டிக்கொண்டே சொன்னவை. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். அடுத்து, மேடையில் துணி வெட்டிக் காட்ட வேண்டும். வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் மாட்டிக்கொண்டு வெட்டினாள். துணி வெட்டுப்படவில்லை. மடிந்து, இரண்டு அலகுக்கும் நடுவில் சிக்கி, மென்று துப்பியது மாதிரி வந்தது. குட்டு உடைந்தது என்று அவள் நினைத்தாள். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

வழிகாட்டி குதித்து எழுந்தார். "பாருங்க! இதுதான் இவங்க தினமும் அனுபவிக்கிற கொடுமை!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முதல் பரிசு அவளுக்கு. நிதியும் வந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: மேற்படி நிதியை வழிகாட்டல் பெறுவதற்கு மட்டுமே செலவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில் நாத்தனார் ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் அறை பிடித்து, பழைய மெஷினில் இரண்டு வார்டுக்கும் தைத்து முடித்திருந்தாள். அடுத்த ஆஸ்பத்திரியும் கேட்டது. உதவிக்குப் பெண்கள் சேர்ந்தார்கள். டெய்லரக்கா ஒரு பகலில் அங்கே போய் வாசலில் நின்றாள். நாத்தனார் தலை நிமிரவில்லை.

"என்ன அண்ணி, திசை திரும்பி வந்திருக்கீங்க?"

"வேலை கேட்டு வந்தேன்மா. அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீதான் கம்பெனி."

"கம்பெனியெல்லாம் வேணாம். பட்டன் வைக்க ஆள் வேணும். வாயை மூடிக்கிட்டுத் தைக்கணும்."

"தைக்கிறது உடனே முடியும். வாயை மூடுறதுக்குக் கொஞ்ச நாள் கொடு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள்.

இதற்கிடையில் மையம் ஓர் ஆய்வு நடத்தியது. தாங்கள் கைதூக்கிவிட்டவர்களையும், இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். கைதூக்கிவிடப்பட்டவர்கள் பெரும்பாலும் வழிகாட்டிகளாகியிருந்தார்கள். வேறு அலுவலகமாக இருந்தால் இந்த அறிக்கையை மூடி மறைத்திருப்பார்கள். மையத்தினர் நேர்மையானவர்கள். நிராகரிப்பே தங்களுடைய ஆகச் சிறந்த சேவை என்று உணர்ந்து, 'சிறப்பு நிராகரிப்புத் திட்டம்' ஒன்றை அறிவித்தார்கள். தகுதியுள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, முறைப்படி நிராகரிப்பார்கள். நேர்காணல் உண்டு. சான்றிதழும் உண்டு.

டெய்லரக்கா பரிசுக் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வரிசை தெருவரை நின்றது. அவள் பழைய பயனாளி என்பதால் வழி விட்டார்கள்.

"ஐயா, நான் இடது கைக்காரி இல்லைங்க. வலதுதான். பொய் சொல்லிட்டேன்."

ஒருங்கிணைப்பாளர் யோசித்தார். "பதிவை மாத்த முடியாதும்மா. ஆண்டறிக்கையில அட்டைப்படமே நீங்கதான். வேணும்னா நீங்க கொஞ்சம் பழகிக்கலாம்."

"அந்த இடத்தை என் நாத்தனாருக்காவது கொடுங்க."

அவர் பதறிப்போனார். "அவங்களையா? அவங்களை நிராகரிச்சதுதான் எங்க மையத்தோட மிகப் பெரிய சாதனை. அதுல கை வைக்காதீங்க."

கேடயத்தோடு படியிறங்கினாள். படிக்கட்டு முழுக்க முகங்கள். "உள்ள என்ன கேக்கறாங்க?" என்று கேட்டார்கள். அவளுக்குத் தாங்கவில்லை. அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமனாரின் சட்டை, சொன்ன பொய், தான் திருப்பி அனுப்பிய நர்ஸ், நாத்தனார் போன நாள், எதையும் விடவில்லை. "இங்க நிக்காதீங்க. வீட்டுக்குப் போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்று கும்பிட்டுச் சொன்னாள்.

மேல்படியில் இருந்தவர்கள் கீழே நின்றவர்களுக்குக் கேட்கும்படி எடுத்துச் சொன்னார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வரிசை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

கடைசியில், கண்ணாடி போட்ட ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"அக்கா, உங்க நாத்தனார் ஒரு சிபாரிசு கொடுத்தா, எங்களையும் சீக்கிரமா நிராகரிப்பாங்களா?"

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று படிக்கட்டு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.