தண்ணீர் கலந்த பால் தேவை

அன்று காலை மல்லசமுத்திரத்தில் எந்த வாசலில் நின்று சோதித்தாலும் பால் சுத்தமாகவே இருந்தது. கந்தவேல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பால் சுத்தமாக இருந்தால் யாராவது தலையில் கை வைப்பார்களா என்று கேட்கலாம். கந்தவேலின் உத்தியோகம் அப்படி. அந்த வருஷம் சர்க்காரில் சுத்தமான உணவுக்கென்று ஒரு மானியம் ஒதுக்கியிருந்தார்கள். ஆராய்ச்சி, போதனை, பிரச்சாரம் என்று அதற்கு மூன்று தலைப்பு. மூன்றுக்கும் சேர்த்து மல்லசமுத்திரம் வட்டாரத்துக்கு ஒரே ஆள்தான் போட்டார்கள். பால்மானி என்கிற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பது ஆராய்ச்சி. பள்ளிக்கூடத்தில் போய் ஈ மொய்த்த பண்டத்தைத் தின்னாதே என்பது போதனை. சந்தையன்று தமுக்கடித்துத் தொண்டை வற்றக் கத்துவது பிரச்சாரம்.

நாளை மறுநாள் மானிய அதிகாரி வெங்கடாசலம் சேலத்திலிருந்து வருகிறார். அவர் எதிரில் கந்தவேல் ஒரு செய்முறை காட்ட வேண்டும். நல்ல பாலில் குழாய் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் கலந்த பாலில் கழுத்துவரை முழுகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஜனங்களுக்கு விளங்கும். அதிகாரியும் மனம் குளிர்ந்து மானியத்தை நீட்டிப்பார்.

நீட்டிக்காவிட்டால் உத்தியோகம் போச்சு. திருச்செங்கோட்டில் கடலைக்காய் மண்டி வைத்திருக்கும் மாமனார் சரவணமுத்து அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளைக்குக் கை சும்மா ஆச்சுன்னா வரச் சொல்லு சாமி, மூட்டைக்குக் காவலிருக்க ஆள் வேணும்" என்று மகளுக்கு வாராவாரம் சொல்லியனுப்புவார். அந்த மண்டியை நினைத்தாலே கந்தவேலுக்குத் தும்மல் வரும்.

ஊரில் பால் திடீரென்று சுத்தமானதற்குக் காரணம் வேறு யாருமில்லை. அதிகாரி வருகிறார் என்று போன சந்தையில் தமுக்கடித்தவர் கந்தவேலேதான்.

வேறு வழியில்லாமல் அவர் வள்ளியாத்தாளிடம் போனார். பாதி ஊருக்கு எருமைப் பால் ஊற்றுகிறவள் அவள். மற்ற பால்காரர்களுக்கு அவள் பேச்சுத்தான் சட்டம்.

"வள்ளியாத்தா, ஒரு ஒத்தாசை செய்யோணும். நாளான்னிக்கு ஒரு படி பால் வேணும். தண்ணி ஊத்துன பாலா வேணும்."

வள்ளியாத்தாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னையப் பாத்து ஏனுங்க சாமி இப்பிடிக் கேக்கறீங்க?"

"தப்பா நெனைக்காதீங்க. போன மாசம் ஊத்துனீங்களே, அதே மாதிரி இருந்தாப் போதும்."

"போன மாசம் நான் தண்ணி ஊத்துனதை ஆரு பாத்தா?"

"இந்தக் குழாய் பாத்துச்சுங்க."

"அப்ப அதையவே கேளுங்க, குடுக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் எருமையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கேட்காமலாவது இருந்திருக்கலாம். சர்க்கார் ஆள் வந்து நைசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறான் என்று வள்ளியாத்தாள் கணக்குப் போட்டாள். சாயங்காலத்துக்குள் பால்காரர்கள் அத்தனை பேரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டினாள். அதிகாரி ஊர் எல்லையைத் தாண்டுகிறவரை பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது என்று எல்லாரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சூடம் அணைத்த பிறகு அந்தப் பக்கத்தில் அப்பீல் கிடையாது.

கந்தவேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் மறுபடி தமுக்கை எடுத்தார்.

"தண்ணீர் கலந்த பால் கொண்டு வருகிறவர்களுக்கு அபராதம் கிடையாது. கேஸ் கிடையாது. ஒரு பித்தளைச் சொம்பு இனாம்" என்று தெருத் தெருவாகக் கத்தினார்.

சர்க்கார் சும்மா சொம்பு கொடுக்குமா? ஊருக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. கழுவிய பாத்திரத்தில் ஈரம் ஒட்டியிருந்தாலும் ஆபத்து என்று பெண்கள் பால் குண்டாக்களை வெயிலில் கவிழ்த்துக் காயப்போட்டார்கள். ஒற்றைப் பசு வைத்திருக்கும் சின்னுசாமி கந்தவேலை வழிமறித்தே கேட்டுவிட்டான்.

"ஏனுங்க, மாடு குடிக்கற தண்ணியும் பால்லதானுங்க சேரும்? நாளைக்கு அதிகாரி போற மட்டும் தண்ணி காட்டாம வெச்சிருக்கட்டுங்களா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டு சின்னுசாமி. காட்டிப்போட்டு, கொஞ்சம் பாலுக்கும் காட்டு. உனக்குக் கும்பிடு போடறேன்."

"என்னைய மாட்டி உடப் பாக்கறீங்களே, இது நாயமுங்களா?" என்று அவன் கண் கலங்கினான்.

இனி ஊரை நம்பிப் பயனில்லை. கந்தவேல் வீட்டுக்கு வந்து மனைவி வசந்தாமணியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டிலும் ஒரு பசு இருந்தது.

"அது எங்கப்பன் சீர் குடுத்த மாடுங்க" என்றாள் வசந்தாமணி. "அதோட பால்ல தண்ணி ஊத்துனா மடி வத்திப் போயிரும். வேண்ணா நீங்க மண்டிக்கே போங்க."

மறுநாள் காலை, அவளுக்குத் தெரியாமல் இரண்டு சொம்பில் பாலை எடுத்துக்கொண்டு கந்தவேல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். பாலில் தண்ணீர் கலக்காதீர் என்று ஊரெல்லாம் கத்திய மனிதர், பள்ளிக்கூடக் கிணற்றடியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சொம்பில் தாராளமாகக் கலந்தார். மனசுக்கு அப்பாடா என்றிருந்தது. மைதானத்தில் போட்டிருந்த மேஜையில் நல்ல பாலை வலப்பக்கமும் கெட்ட பாலை இடப்பக்கமும் வைத்துவிட்டு, மாலையோடு ரஸ்தாவுக்கு ஓடினார்.

மோட்டார் வந்து நின்றது. முதலில் வெங்கடாசலம் இறங்கினார். பின்னாலேயே அவருடைய டவாலிச் சேவகன் சின்னண்ணன், குடை, கூஜா, மூடி போட்ட தூக்குப்போசி சகிதம் இறங்கினான். அதிகாரி வெளியூரில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்று பெயர்.

கூட்டம் நிறைந்திருந்தது. பால்காரர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடாசலம் ஒரு மணி நேரம் பேசினார். பாலில் தண்ணீர் கலப்பவன் பச்சைக் குழந்தையின் வாயில் அடிக்கிறவன், அவனை வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். பால்காரர்கள்தான் பலமாகக் கை தட்டினார்கள்.

"கந்தவேல், செய்முறையைக் காட்டும்."

கந்தவேல் வலப்பக்கச் சொம்பில் குழாயை விட்டார். அது தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

"இது நல்ல பால். இப்போது, தண்ணீர் கலந்த பாலில் என்ன ஆகிறது என்று எல்லாரும் நன்றாகப் பாருங்கள்" என்று இடப்பக்கச் சொம்பில் விட்டார்.

அதிலும் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். முன்னைவிட மிடுக்காக நின்றது.

முன்வரிசையிலிருந்து வள்ளியாத்தாள் எழுந்து வந்து அவர் காதோரம் குனிந்தாள்.

"பயப்படாதீங்க சாமி. எந்தப் படுபாவியோ நம்மூரு மானத்தை வாங்கறதுக்குன்னே அந்தச் சொம்புல தண்ணிப் பாலைக் கொண்டாந்து வெச்சிருந்தான். நீங்க மாலையோட போனப்ப நாந்தான் மோந்து பாத்துப்போட்டுக் கீழ ஊத்திட்டேன். இப்ப இருக்கறது நம்ம எருமைப் பாலு."

கந்தவேல் தலையை ஆட்டிவைத்தார்.

"ரெண்டும் சுத்தம், ஊரே சுத்தம்" என்று வெங்கடாசலம் பேனாவைத் திறந்தார். "ரொம்ப சந்தோஷம். அப்படியென்றால் இந்த ஊருக்கு இனிமேல் மானியம் எதற்கு? வேறு ஊருக்குக் கொடுக்கலாம். சின்னண்ணா, காபி ஆச்சா?"

"அடுப்புப் பத்த வெக்கறேனுங்க" என்று பள்ளிக்கூடத்தின் பின்பக்கமிருந்து குரல் வந்தது.

கந்தவேலுக்குக் கடலைக்காய் மூட்டைகள் கண்ணெதிரே அடுக்கடுக்காக வந்து நின்றன. தும்மலே வந்துவிட்டது. தும்மிவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேஜைக் கோடியில் மூன்றாவதாக ஒரு சொம்பு இருப்பதைக் கண்டார். அவர் வைத்ததல்ல. நிறையப் பால் இருந்தது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கள். இன்னொரு சொம்பும் இருக்கிறது" என்று குழாயைப் போட்டார்.

குழாய் கழுத்து வரை போயிற்று. அப்புறம் கழுத்தும் போயிற்று. கடைசியில் நுனி மட்டும் தெரிந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

வெங்கடாசலத்தின் முகம் சிவந்துவிட்டது. "யாருடைய பால் இது?"

முன்வரிசையே பதறி எழுந்துவிட்டது.

"நான் சூடம் அணைச்சவளுங்க" என்றாள் வள்ளியாத்தாள். "எம்பாலு இல்லை."

"எங்க மாட்டுக்கு நேத்திலிருந்து தண்ணியே காட்டலீங்க" என்றான் சின்னுசாமி.

"என் சர்வீஸில் இப்படி ஒரு பாலைப் பார்த்ததில்லை" என்று வெங்கடாசலம் கத்தினார். "இது பாலில் கலந்த தண்ணீரா, தண்ணீரில் கலந்த பாலா? இப்படி ஒரு திருட்டு மனுஷன் இருக்கிற ஊரிலா மானியத்தை நிறுத்துவது? மூன்று வருஷம் நீட்டிக்கிறேன். இவனைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நீர் இந்த ஊரைவிட்டு நகரக் கூடாது. காபியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பால் என்றாலே குமட்டுகிறது." சரசரவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு மோட்டாரில் போய் ஏறிக்கொண்டார்.

கந்தவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்டி இல்லை, மூட்டை இல்லை, மூன்று வருஷத்துக்கு மாமனார் பேச்சும் இல்லை. தன்னைக் காப்பாற்றிய அந்த மகராசன் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும். முன்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் அவரைத் திருப்பி முறைத்தார்கள்.

கூஜாவை எடுக்கத் திரும்பி வந்த சின்னண்ணன் தூக்குப்போசியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, நீங்களாச்சும் பாத்தீங்களா, அந்தச் சொம்பை ஆரு வெச்சாங்கன்னு?" என்றார் கந்தவேல். "அந்தப் புண்ணியவான் காலுல உழோணும்."

சின்னண்ணன் மோட்டாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நாந்தானுங்க வெச்சேன், காபிக்கு. காலைல கெளம்பற அவசரத்துல, அய்யாவுக்குன்னு வெச்ச பாலை உட்டுப்போட்டு, சேலம் சூரமங்கலத்துல ரயில்வே குவார்ட்டர்ஸ் பூராவுக்கும் அய்யா ஊட்டம்மா ஊத்தற பாலை மொண்டாந்துட்டேனுங்க."